பச்சையாக நின்ற எள்

கலியபெருமாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாணவரானார்.

விருத்தாசலத்துக்கு மேற்கே, செம்மண் பூமியில், எண்ணெய் வித்துகளுக்கான ஒரு சிறிய ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர் தமயந்தி. செடிக்குள் பூ எப்படி உருவாகிறது என்பதை ஆராய்பவர். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தாவரவியல் நடத்தியதே கலியபெருமாள்தான். அதே கலியபெருமாள் ஒரு நாள் வந்து, உங்களிடம் கற்றுக்கொள்ள இடம் வேண்டும் என்று கேட்டபோது தமயந்தி எழுந்து நின்றுவிட்டார். பிறகு அவரை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார். சம்பளம் கிடையாது, பட்டமும் கிடையாது என்றார். இரண்டும் வேண்டாம் என்றார் கலியபெருமாள்.

அன்றிலிருந்து அவர் தமயந்தியை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். தமயந்தி அவரை சார் என்றே கூப்பிட்டார். அதை மாற்றிக்கொள்ள இருவருக்கும் வரவில்லை.

அந்த வட்டாரத்தில் கலியபெருமாளைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய ஒரே மகன் நெடுமாறன், வெள்ளாற்றில் இரவு பகலாக மணல் அள்ளுவதை எதிர்த்து மனுக் கொடுத்தவன். ஒரு மாலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டியில் வரும்போது ஒரு மணல் லாரி அவர்களை இடித்துத் தள்ளியது. மனைவி சங்கவி வரப்புப் பக்கம் விழுந்து பிழைத்தாள். நெடுமாறன் சாலையில் விழுந்தான். லாரி நின்றது. பிறகு பின்னோக்கி வந்தது.

பார்த்த ஒரே சாட்சி சங்கவி. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. லாரி முதலாளி பெரிய வக்கீல்களை வைத்திருந்தார். கலியபெருமாள் ஒரு வாய்தாவைத் தவறவிடவில்லை. அவர் மனைவி விசாலாட்சி மகன் போன துக்கத்திலேயே இளைத்து இளைத்து, தீர்ப்புக்கு முன்பே போய்ச்சேர்ந்தார். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே ஒரு வாய்தா வந்தது. கலியபெருமாள் அதற்கும் போனார். கடைசியில் முதலாளிக்கும் டிரைவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்று வக்கீல் கைகொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவுக்கும் கலியபெருமாள் ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. முதுகு வளையவில்லை. முடி நரைக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவர் மாதிரியா இருக்கிறார் என்று சிலர் வியந்தார்கள். சிலர் வேறு மாதிரிச் சொன்னார்கள். இரண்டும் அவர் காதுக்கு வந்தன.

பண்ணையில் அவர் நன்றாகவே கற்றார்.

முப்பது வருடம் அவர் மாணவர்களுக்குப் பூவை வரையச் சொல்லிக்கொடுத்திருந்தார். வெளியே பச்சையாகப் புல்லி வட்டம், அதற்குள் நிறமுள்ள அல்லி வட்டம், அதற்குள் மகரந்தத் தாள்கள், நடுவில் சூலகம். நான்கு வளையம், நான்கு பெயர், எட்டு மதிப்பெண். அந்த நான்கும் அடியில் இலைதான் என்பதைத் தமயந்தி நுண்ணோக்கியில் காட்டினார். மொட்டின் நுனியில் எல்லாமே ஒரே மாதிரியான சிறு முடிச்சுகளாகத்தான் கிளம்புகின்றன. மூன்று வகை மரபணுக் கட்டளைகள் அவற்றைப் பிரித்துவிடுகின்றன. முதல் கட்டளை மட்டும் விழுந்த இடம் புல்லி ஆகிறது. முதலும் இரண்டும் சேர்ந்த இடம் இதழ் ஆகிறது. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் மகரந்தத் தாள். மூன்றாவது மட்டும் விழுந்த நடுவிடம் சூலகம். விதை அங்கேதான்.

கடுகுக் குடும்பத்துச் சிறு செடிகளைத் தமயந்தி தொட்டிகளில் வளர்த்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை குறைவு. ஒன்றில் இதழ் வரவேண்டிய இடத்தில் புல்லி இருந்தது. இன்னொன்றில் இதழுக்குள் இதழ், அதற்குள் இதழ் என்று போய்க்கொண்டே இருந்தது, விதை இல்லை. கலியபெருமாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றையும் எடுத்துவிட்டால் என்ன வரும் என்று கேட்டார்.

தமயந்தி ஓரத்திலிருந்த தொட்டியைத் திருப்பி வைத்தார். காம்பின் நுனியில் பூ இல்லை. சின்னச் சின்னப் பச்சை இலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தன.

கலியபெருமாள் அதை வெகுநேரம் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

தமயந்தி தொட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

வீட்டில் சங்கவி இருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை. தாய்வீட்டுக்குப் போகாமல் மாமனாருடனேயே தங்கிவிட்டாள். ஊரில் அதை மெச்சினார்கள்.

ஊருக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் கலியபெருமாள் கூடத்து நாற்காலியில் உட்காருவார். சங்கவி எதிரே வந்து தரையில் உட்காருவாள். அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுவாள்.

அதை அவர் தொடங்கியது வழக்குக்காக. குறுக்கு விசாரணையில் அவள் தடுமாறினால் எல்லாம் போய்விடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதனால் தினமும் சொல்லவைத்தார். எங்கே தயங்குகிறாள் என்று கவனித்துத் திருத்தினார். இந்த இடத்தில் அழாதே, அழுதால் அடுத்த கேள்வியில் விழுந்துவிடுவாய் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் கற்றுக்கொண்டாள். கூண்டில் நின்றபோது ஒரு சொல் பிசகவில்லை. விசாலாட்சி மட்டும் அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். ஒருமுறை, போதும், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். தீர்ப்பு வரட்டும் என்றார் கலியபெருமாள்.

தீர்ப்பு வந்தது. அன்று சாயங்காலமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கவி சற்றுநேரம் நின்று பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

அதன்பின் ஒரு நாளும் அது நிற்கவில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் சங்கவி அவரிடம் ஒரு விஷயம் சொன்னாள். சுகாதார நிலையத்தில் ஜெயசீலன் என்று ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார், தனக்கும் சம்மதம்தான், மாமா என்ன சொல்கிறீர்கள் என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

கலியபெருமாள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ போயிட்டா, அவனப் பத்தி எனக்கு யாரும்மா சொல்லுவா?"

 சங்கவி அதன்பிறகு ஜெயசீலனைப் பற்றிப் பேசவில்லை.

மார்கழியில் விதைத்த எள் பங்குனியில் அறுவடைக்கு வந்த நேரத்தில் கலியபெருமாள் இதைத் தமயந்தியிடம் சொன்னார். விதைப் பைகளைக் கட்டிக்கொண்டே சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்தில் நடப்பதையும் மறைக்கவில்லை. அதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டரம்மா, அவன் போயிட்டான். அவன் அம்மாவும் போயிட்டா. இந்தப் பொண்ணும் கலங்கிப்போய் நிக்குது. நான் மட்டும் எப்படி நிக்கிறேன்?"

கேட்ட விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தமயந்தி பையின் வாயைக் கட்டி முடித்தார். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த கைலென்ஸைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வயல் முழுவதும் காய்ந்து கிடந்தது. எள் செடிகள் இலையெல்லாம் கொட்டி, பழுப்புத் தட்டையாக நின்றன. காய்கள் வெடிக்கத் தயாராக இருந்தன. உரசினால் உள்ளே விதை கலகலத்தது. கீழ்க்கோடியில் ஒரு செடி மட்டும் பச்சைப்பசேலென்று, மற்றதைவிட அடர்த்தியாக, கிளைக்குக் கிளை விட்டு நின்றது. அந்த வெயிலில் அதைப் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கலியபெருமாள் முகம் மலர்ந்தது.

"இது என்ன ரகம்மா?"

"மத்ததெல்லாம் என்ன ரகமோ அதேதான் சார். ஒரே பையில இருந்த விதை."

"அப்ப இது மட்டும் எப்படி?"

"கிட்டப் போய்ப் பாருங்க."

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். வெள்ளைப் பூ இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு கொத்து இருந்தது. நகத்தால் பிரித்தார். வெளி வளையம் இலை. அடுத்ததும் இலை. மகரந்தத் தாள்கள் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு ஒடுங்கிய இலைகள். நடுவில் காயாகத் திரளவேண்டிய இடத்திலிருந்து ஒரு தளிர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த கொத்தைப் பிரித்தார். அதற்கடுத்ததையும் பிரித்தார்.

"மரபணுவெல்லாம் போயிடுச்சா?"

"மரபணு அப்படியே இருக்கு சார். கட்டளை வருது. செஞ்சு முடிக்கத்தான் உள்ள ஆள் இல்ல."

தமயந்தி விளக்கினார். தத்துப்பூச்சி கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் செடிக்குள் இறங்குகிறது. சாறு ஓடும் குழாயில் குடியேறுகிறது. பிறகு அது ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. பூவாக்கும் கட்டளைகளை நிறைவேற்றும் புரதங்களை அது தேடித்தேடி அழிக்கிறது. வேறெதையும் தொடுவதில்லை. செடி பூப்பதற்குப் பதிலாக இலை விடுகிறது. விவசாயிகள் இதைப் பச்சைப்பூ நோய் என்பார்கள்.

"செடி சாகாதா?"

"சீக்கிரம் சாகாது. மத்ததெல்லாம் காய்ஞ்ச பிறகும் நிக்கும்."

"யாருக்காக?"

"பூச்சிக்கு இளசா இலை வேணும். நுண்ணுயிருக்குப் பூச்சி வேணும். அதுங்களுக்காக."

கலியபெருமாள் நிமிர்ந்தார். முகம் மாறியிருந்தது.

"என்னைச் சொல்றீங்களா?"

"எள்ளைச் சொல்றேன் சார்."

 காற்றில் காய்ந்த செடிகள் சலசலத்தன. பச்சைச் செடியிலிருந்து சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவர் அதை ஒட்டி நின்ற இன்னொரு செடியைக் கவனித்தார். அதன் நுனியில் மட்டும் பச்சைக் கொத்து கட்டத் தொடங்கியிருந்தது. கீழே பழுப்புக் காய்கள் சில இருந்தன.

"இது?"

"பக்கத்துல நின்னது."

"இதுவும் போயிடுமா?"

"மேல போனது போனதுதான். கீழ காய் இருக்கு. அது தேறும்."

அவர் பெரிய செடியின் அடித்தண்டைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பிடுங்க மனம் வரவில்லை. லென்ஸைத் தமயந்தியிடம் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் சங்கவி வழக்கம்போல எதிரே வந்து உட்கார்ந்தாள். சொல்லத் தொடங்கினாள்.

"பின்னால் வந்த லாரி எங்கள் வண்டியை இடித்தது. நாங்கள் இருவரும் விழுந்தோம். நான் வரப்பின் பக்கம் விழுந்தேன். என் கணவர் சாலையில் விழுந்தார். லாரி நின்றது. அதன்பின் அது பின்னோக்கி வந்தது."

கலியபெருமாள் அந்தச் சொற்களைக் கேட்டார். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'என் கணவர்' என்று அவள் நெடுமாறனைச் சொன்னதே கிடையாது. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்த சொற்கள். மூச்சு விடும் இடங்கள்கூட அவர் குறித்துக் கொடுத்தவை.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தீர்ப்புக்குப் பிறகு ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. சங்கவி பயந்துபோனாள். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள்.

"இல்லம்மா. லாரி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வந்திருப்பீங்க இல்ல. அவன் என்ன சொல்லிக்கிட்டு வந்தான்?"

சங்கவி யோசித்தாள். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து, லாரி இடித்ததிலிருந்து, மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அதற்கு முன்னால் போக முடியவில்லை. அன்று காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். தெரியவில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் கடலூர் போனீர்களே, கடற்கரையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். போனது தெரியும், வேறொன்றும் வரவில்லை என்றாள். 

"அவர் குரல் எப்படி இருக்கும் மாமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கலியபெருமாள் வாயைத் திறந்தார். அவருக்கும் வரவில்லை. லாரி பின்னோக்கி வரும் சத்தம் மட்டும் வந்தது. அவர் அங்கே இருந்ததுகூட இல்லை.

சங்கவி முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். அழாதே என்று அவர் சொல்லவில்லை.

அவள் அழுது முடித்த பிறகு, "அந்த ஜெயசீலன வரச் சொல்லும்மா" என்றார்.

சித்திரையில் அவள் கிளம்பினாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவரையும் கூப்பிட்டாள். வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது புரிந்தது. வாசலில் பையை வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டு எழுந்தாள்.

"ஏதாவது ஞாபகம் வந்தா வந்து சொல்றேன் மாமா."

"வேணாம்மா. வந்தா உன்கிட்டயே வச்சுக்க."

அவள் போன வாரத்தில் கலியபெருமாள் படுத்தார். முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு மருத்துவர்களுக்கே என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடமும் வராத நரை ஆனிக்குள் தலை முழுவதும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி கொடுத்தார்கள். பகலில் அவர் அழுவது தெருவுக்குக் கேட்டது. வழக்கு நடந்த காலத்தில்கூட அவர் அழுது யாரும் கேட்டதில்லை. மருமகள் விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊரில் சங்கவியைத் திட்டினார்கள். அவர் எழுந்து போய் மறுக்கும் நிலையில் இல்லை.

ஆடி அமாவாசைக்கு முந்திய நாள் அவர் பண்ணைக்கு வந்தார்.

தமயந்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. இரண்டு கையாலும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமயந்தி எழுந்து வந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். 

படிப்பைத் தொடர முடியாது என்று சொல்லத்தான் வந்ததாக அவர் சொன்னார். தமயந்தி தலையசைத்தார்.

பிறகு அவர் வேறொன்று சொன்னார். நெடுமாறனை எரித்த அன்றிலிருந்து அவனுக்கென்று நான் ஒன்றுமே செய்யவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை என் தம்பிதான் செய்தான், நான் அப்போது காவல் நிலையத்தில் இருந்தேன். அமாவாசை வரும்போதெல்லாம் தர்ப்பணம் செய்யச் சொல்லி விசாலாட்சி கேட்பாள். நியாயம் கிடைக்காமல் அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்தால் அவனை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மகனுக்கு அப்பன் இறைக்கலாமா என்பதுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு வெள்ளாற்றுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். யாராவது கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார்கள்.

"கொஞ்சம் எள்ளு வேணும் டாக்டரம்மா."

கடையில் கிடைக்குமே என்று தமயந்தி சொல்லவில்லை. உள்ளே போய், அந்தப் பருவத்து எள்ளில் ஒரு கைப்பிடி அள்ளி, தாளில் மடித்துக் கொண்டுவந்தார். கலியபெருமாள் அதைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பு எள். விரலால் அளைந்தார். சில விதைகள் மடியில் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பச்சைச் செடி என்னம்மா ஆச்சு?"

"பிடுங்கி எரிச்சாச்சு சார்."

அவர் தாளை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. மறுபடி மடித்தார்.

"அவ்வளவு செழிப்பா நின்னுதே. அதுல பத்து எள்ளுகூடவா இருக்காது?"

தமயந்தி அவர் கையிலிருந்து தாளை வாங்கி, ஒழுங்காக மடித்து, அவருடைய சட்டைப் பையில் வைத்தார்.

"இருக்காது சார். செத்தவங்களுக்குக் குடுக்க அதுகிட்ட ஒண்ணும் கிடையாது."